எக்ஸ்பிரஸ்கார்டு ஃபயர்வயர் செருகினால் வைஃபை போகிறது, கேமரா வந்து வந்து மறைகிறது

மலைக்கோட்டை:

வணக்கம். ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். வீட்டில் 14 மினி டிவி (DV, பழைய கையடக்கக் கேமராவில் போடும் டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் இருக்கின்றன. 2004இல் அக்கா கல்யாணம், 2006இல் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு நடந்த அறுபதாம் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள் நடை பழகியது என்று எல்லாம் அதில்தான். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை, அதனால் எப்படியாவது இவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

லேப்டாப் 2010இல் வாங்கியது. விண்டோஸ் 7 இருந்தது, பிறகு 10 ஏற்றினேன். அதிலேயே 4 முனை ஃபயர்வயர் போர்ட் (இந்தக் கேமராவிலிருந்து படத்தைக் கணினிக்கு எடுக்கும் இணைப்பு) உண்டு, ஆனால் யாரோ வயரில் கால் தடுக்கி இழுத்ததில் உள்ளே முனை வளைந்துவிட்டது. பக்கவாட்டில் கூடுதல் கார்டு செருகும் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் இருப்பதால் ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையில் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கினேன், கூடவே ஒரு சிடியும் கொடுத்தார்கள். சிடியைப் போட்டு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றினேன். அன்றிலிருந்து கார்டைச் செருகினாலே வைஃபை நின்றுவிடுகிறது. கேமராவை இணைத்தால் டொய்ங் என்று சத்தம் வரும், கேமரா பெயர் தெரியும், பத்து இருபது வினாடியில் மறையும். ஒரே ஒரு முறை இரண்டு நிமிடம் வரை பதிவானது, அப்புறம் படம் உறைந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், சில நேரம் கோட் 10, சில நேரம் கோட் 12. அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்வதை ஆறு முறை செய்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அதே நிலைதான். விண்டோஸை ஃபார்மட் செய்துவிடலாமா?

பழுதுபார்ப்பவன்:

தம்பி, ஃபார்மட் வேண்டாம். இப்போது ஃபார்மட் செய்தால் எது தப்பு என்று தெரியாமலே போகும், நாளைக்கு அந்த சிடியை மறுபடி போட்டால் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். நான் இருபது வருடமாகக் கோவையில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன், ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: கோட் 10, கோட் 12 இரண்டும் ஒரே நோய் இல்லை. 12 என்றால் கார்டுக்குத் தேவையான நினைவக முகவரி இடத்தை விண்டோஸால் ஒதுக்க முடியவில்லை என்று பொருள், அதில் டிரைவரின் தப்பு பெரும்பாலும் இருக்காது. 10 என்றால் இடம் கிடைத்தது, டிரைவரும் ஏறியது, ஆனால் கருவியைக் கிளப்ப முடியவில்லை. அதனால் எந்தக் கோட் எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைச் செருகினால் எது, கார்டைச் செருகி வைத்துவிட்டு ஆன் செய்தால் எது?

இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் ஃபயர்வயர் கன்ட்ரோலரின் (கார்டில் உள்ள முக்கியச் சிப்) பிராப்பர்ட்டீஸ் போய் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்று இருப்பதைப் பாருங்கள். வெண்டர் எண் நான்கு எழுத்தில் இருக்கும். 1180 என்றால் ரிக்கோ, 1106 என்றால் வியா, 104சி என்றால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 197பி என்றால் ஜேமைக்ரான். அட்டைப் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அதை நம்ப வேண்டாம், சிப் சொல்வதுதான் கணக்கு.

நெல்லைச்சீமை:

இவ்வளவு கஷ்டம் எதற்கு நண்பா, ஒரு முனையில் யுஎஸ்பி மறு முனையில் ஃபயர்வயர் இருக்கும் கேபிள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிச் செருகிவிடலாம்.

பழுதுபார்ப்பவன்:

தயவுசெய்து அதை வாங்க வேண்டாம். அந்தக் கேபிளுக்குள் சிப் எதுவும் கிடையாது, வயரை வயரோடு சேர்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். யுஎஸ்பியும் ஃபயர்வயரும் பேசும் மொழியே வேறு, நடுவில் ஒரு கன்ட்ரோலர் இல்லாமல் கேமராவிலிருந்து ஒரு ஃப்ரேம்கூட வராது. ஆபத்தும் உண்டு. ஃபயர்வயரின் 6 முனை இணைப்பில் மின்சாரமும் போகிறது, அது யுஎஸ்பியின் 5 வோல்ட் அல்ல, 30 வோல்ட் வரைகூட இருக்கலாம். 6 முனை பிளக்கைத் தலைகீழாக அழுத்திச் செருகிக் கேமராவின் ஃபயர்வயர் பகுதி எரிந்துபோனதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். மினி டிவி கேமரா இன்றைக்குப் புதிதாகக் கிடைக்காது. கேமராவை அணைத்துவிட்டு இணையுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள்.

நெல்லைச்சீமை:

சரி அண்ணே, தெரியாமல் சொல்லிவிட்டேன். நானும் அதை வாங்க ஆன்லைன் கடையின் கார்ட்டில் போட்டு வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

மலைக்கோட்டை:

அண்ணே, நீங்கள் கேட்டபடி ஒவ்வொன்றாகச் செய்து நோட்டில் எழுதினேன். ஓடும்போது செருகினால் கோட் 12. செருகி வைத்துவிட்டு ஆன் செய்தால் 12 வருவதில்லை, சில முறை கோட் 10, சில முறை எந்தக் குறியும் இல்லாமல் வருகிறது, அப்போதுதான் கேமரா தெரிந்து மறைகிறது. வைஃபை போவது இந்த இரண்டாவது நிலையில்தான். கோட் 12 இருக்கும்போது வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை, இதை நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

கன்ட்ரோலர் இரண்டு தெரிகிறது. ஒன்றின் எண் 1180, அது லேப்டாப்பிலேயே இருப்பது. இன்னொன்று 104சி. அதன் டிரைவர் பக்கத்தில் வழங்குநர் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் இல்லை, வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

பனங்கிழங்கு:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட வீட்டு ரேப்புகளை (டேப் கேசட்டுகளை) போன வருசம் நானும் இப்படித்தான் ஏற்றினேன். டிரைவரோடு சண்டை பிடிக்க முதல் ஒன்று செய்து பாருங்கோ. ஒரு பென் டிரைவில் உபுண்டு லைவ் (கணினியில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓடுகிற லினக்ஸ்) போட்டு, கார்டைச் செருகி வைத்துவிட்டு அதிலிருந்து பூட் பண்ணுங்கோ, விண்டோஸைத் தொடவே தேவையில்லை. லினக்ஸ் கெர்னலிலேயே ஃபயர்வயர் இருக்குது, சிடி ஒன்றும் வேண்டாம். ரேப்பைப் பதிவு செய்கிற டிவிகிராப் என்ற சின்ன நிரலை மட்டும் இறக்க வேண்டும், வைஃபை பிரச்சினை என்றபடியால் லான் வயரைக் குத்திக்கொள்ளுங்கோ. அதில் கமரா நின்று பிடித்தால் கார்டும் கமராவும் வயரும் நல்லது, பிழை விண்டோஸ் பக்கம். அதிலும் மறைந்தால் டிரைவரைத் தேடி மினக்கெட வேண்டாம், கார்டையோ வயரையோ மாற்ற வேண்டும்.

அப்படி வேலை செய்தால் முதல் வேலையாக அப்பாவின்ர குரல் இருக்கிற ரேப்பை அதிலேயே ஏற்றிவிடுங்கோ. மோதலைப் பிறகு ஆறுதலாகத் தீர்க்கலாம், பழைய ரேப் காத்துக்கொண்டு இருக்காது. 60 நிமிச ரேப்புக்கு 13 ஜிபி வேண்டும். வெளி டிஸ்க் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுதாது, அதையும் பாருங்கோ.

ஒலிக்கூடம்:

நான் வீட்டு ஸ்டுடியோவில் ஃபயர்வயர் ஆடியோ பெட்டி வைத்து ஒலிப்பதிவு செய்கிறவன், இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வாடிக்கை. இரண்டு இடம் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். ஸ்லாட் தூங்கி எழுந்தால் நேரத்துக்கு வர வேண்டிய டேட்டா தவறும். இரண்டாவது, விண்டோஸ் 7இலிருந்து மைக்ரோசாஃப்ட் புது 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) டிரைவர் கொண்டுவந்தது, 7இல் பழையதும் கூடவே இருந்தது, 8இல் பழையதை எடுத்துவிட்டார்கள். பல பழைய கருவிகள் அந்தப் பழைய டிரைவரில்தான் ஒழுங்காக ஓடும், மைக்ரோசாஃப்டே அதைப் பிறகு தனித் தொகுப்பாகக் கொடுத்தது. அதை ஏற்றினால் உங்கள் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

மலைக்கோட்டை:

பனங்கிழங்கு அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி உபுண்டு போட்டேன். கார்டு உடனே தெரிந்தது, கேமராவும் தெரிந்தது, மறையவே இல்லை. திருக்கடையூர் கேசட்டைத்தான் முதலில் போட்டேன். 62 நிமிடம், ஒரு ஃப்ரேம்கூட விடுபடவில்லை. கோயில் பிராகாரத்தில் அப்பா ஐயரிடம், “சாமி, மெதுவாச் சொல்லுங்க, எனக்குப் பாதி காதுதான் கேக்கும்” என்று சொல்கிறார். அம்மாவை எழுப்பிக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அதை இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

என் சொந்த அக்கா விண்டோஸில்தான் எடிட் செய்வாள், மற்றவற்றை அவளே வந்து ஏற்றுகிறேன் என்கிறாள், அதனால் விண்டோஸையும் சரி செய்தாக வேண்டும். ஒலிக்கூடம் சொன்ன பவர் ஆப்ஷனை ஆஃப் செய்தேன். இருபது வினாடியில் மறைந்த கேமரா இப்போது ஐந்து நிமிடம் நிற்கிறது, ஆனால் வைஃபை போவது மாறவில்லை.

பழுதுபார்ப்பவன்:

சந்தோஷம் தம்பி. இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபயர்வயர் கார்டுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. எல்லா நிறுவனத்துச் சிப்பும் ஓஹெச்சிஐ என்ற ஒரே விதிமுறைப்படிதான் நடக்கின்றன, விண்டோஸிலேயே அதற்கான டிரைவர் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த சிடி அதை ஒதுக்கிவிட்டு வேறு நிறுவனத்து டிரைவரை உட்கார வைத்திருக்கிறது. நீங்கள் ஆறு முறை எடுத்தும் அது ஏன் திரும்ப வந்தது? விண்டோஸ் டிரைவர் தேடும்போது இரண்டு விதமாகப் பொருத்திப் பார்க்கும். ‘இது ஏதோ ஒரு 1394 கன்ட்ரோலர்’ என்று வகையை வைத்துப் பொருந்துவது ஒன்று, ‘104சி நிறுவனத்தின் இந்த எண் சிப்’ என்று குறிப்பாகப் பொருந்துவது இன்னொன்று. குறிப்பாகப் பொருந்துவதற்குத்தான் முதலிடம். மைக்ரோசாஃப்ட் டிரைவர் உங்கள் கார்டுக்கு வகையை வைத்துப் பொருந்துகிறது, சிடி டிரைவர் உங்கள் சிப்பின் எண்ணையே எழுதி வைத்திருக்கும். நீங்கள் அன்இன்ஸ்டால் செய்தது கருவியை மட்டும். டிரைவர் கோப்பு, விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்து வைக்கும் டிரைவர் ஸ்டோரிலேயே இருந்தது, ரீஸ்டார்ட் ஆனதும் அதுவே ஜெயித்தது. அதனால் உங்கள் சிக்கல் இரண்டு கார்டுகளுக்கு நடுவே இல்லை, ஒரே கார்டுக்கு வந்து நிற்கும் இரண்டு டிரைவர்களுக்கு நடுவே.

வைஃபை ஏன் போகிறது என்றால், ஸ்டார்ட்டில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டி, ஹார்ட்வேர் ரிசோர்சஸ் கீழே கான்ஃபிளிக்ட்ஸ்/ஷேரிங் பாருங்கள். ஃபயர்வயரும் வைஃபையும் ஒரே ஐஆர்க்யூ எண்ணில் (கருவி பிராசசரைக் கூப்பிட அடிக்கும் மணி மாதிரி) இருந்தால் அதுதான் காரணம். ஒரே எண்ணைப் பகிர்வது தப்பே இல்லை, கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ பாதை அதற்கு ஏற்றபடிதான் வடிவமைக்கப்பட்டது. ஒரே தெருக் குழாயில் நாலு வீடு தண்ணீர் பிடிப்பது மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு டிரைவரும் மணி அடித்தால் ‘இது என் கருவி அடித்ததா’ என்று பார்த்து, இல்லை என்றால் அடுத்தவருக்கு விட வேண்டும். மோசமான டிரைவர் எல்லாமே தனக்கு என்று பிடித்துக்கொள்ளும், வைஃபை டிரைவர் காத்துக்கொண்டே கிடக்கும். கோட் 12 வந்தபோது வைஃபை நன்றாக இருந்தது என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குத் துப்பு கொடுத்தது, ஏனென்றால் அப்போது அந்த டிரைவர் ஓடவே இல்லை.

கோட் 12க்கு மருந்து சுலபம். இந்த மாதிரி டெக்சாஸ் சிப் கார்டுகளில் கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு பிசிஐ பாலமும் உள்ளேயே இருக்கும், அந்தப் பாலத்துக்கும் சேர்த்து முகவரி இடம் வேண்டும். பழைய பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை நிரல்) லேப்டாப் ஆன் ஆகும் நேரத்தில் ஸ்லாட்டில் இருப்பதற்குத்தான் இடம் ஒதுக்கும், காலி ஸ்லாட்டுக்குப் போதிய இடம் விட்டு வைக்காது. எப்போதும் செருகிவிட்டே ஆன் செய்யுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கார்டு செருகிய நிலையில் டிவைஸ் மேனேஜரில் 104சி கன்ட்ரோலரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அப்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும், அதில் டிக் போட வேண்டும், நீங்கள் தவறவிட்டது அதைத்தான். பிறகு வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்து மங்கலாகத் தெரியும் பழைய 1394 பதிவுகளையும் எடுங்கள். நெட்டை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட். வழங்குநர் மைக்ரோசாஃப்ட் என்று வந்தால் நிறுத்திவிட்டுக் கேமராவை இணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதையும் நோட்டில் எழுதுங்கள். ரிக்கோ கன்ட்ரோலரை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்தால் போதும், பயாஸில் அணைக்க வேண்டாம், பல லேப்டாப்புகளில் எஸ்டி கார்டு ரீடரும் அதே சிப்பில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடலாம்.

ஒலிக்கூடம்:

அண்ணே, மற்றது எல்லாம் சரி, ஆனால் மைக்ரோசாஃப்டின் புது டிரைவரோடு நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் அனுபவத்தில் அதில் கருவி தெரியும், நீளமாக ஓடும்போது நடுவில் அறுபடும். நேரே பழைய டிரைவரையே போட்டுவிடலாம்.

பழுதுபார்ப்பவன்:

உங்கள் ஆடியோ பெட்டிக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று அவருக்குத் தெரியாது. முதலில் சிடி டிரைவர் போகட்டும்.

மலைக்கோட்டை:

செய்தேன். எம்எஸ்இன்ஃபோவில் வைஃபையும் கார்டும் ஒரே ஐஆர்க்யூதான், 17. ஆனால் டிக் போட்டு எடுத்தும் ரீஸ்டார்ட் செய்ததும் அதே வேற்று நிறுவனத்து டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டது. நெட் அணைத்துத்தான் இருந்தேன்.

பழுதுபார்ப்பவன்:

அப்படியானால் அது ஸ்டோரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, நீங்கள் சிடியைப் பல முறை ஓட்டியிருப்பீர்கள். முதலில் புரோகிராம்ஸ் பட்டியலில் அந்த சிடியின் மென்பொருள் இருந்தால் அதை எடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பிஎன்பியூட்டில் கட்டளையில் டிரைவர் பட்டியலைக் கேளுங்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொன்றும் ஓஇஎம் என்று தொடங்கி ஓர் எண்ணோடு இருக்கும், பக்கத்தில் வழங்குநர் பெயரும் வகையும் இருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரில் 1394 வகையில் உள்ளவற்றை மட்டும் அதே கட்டளையின் டெலீட் டிரைவர் கொண்டு அழியுங்கள். எண்ணை இரண்டு முறை சரிபார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம், டச்பேடு டிரைவரை அழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

மலைக்கோட்டை:

மூன்று இருந்தன அண்ணே! மூன்றையும் அழித்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் வழங்குநர் மைக்ரோசாஃப்ட், மஞ்சள் குறி இல்லை. கேமராவை இணைத்து ஓடவிட்டேன், வைஃபையில் பெரிய ஃபைல் ஒன்றையும் கூடவே இறக்கினேன், இரண்டும் ஓடின. ஐஆர்க்யூ இன்னும் அதே 17தான், இப்போது ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ஒலிக்கூடம் சொன்னதும் நடந்தது. 41ஆவது நிமிடத்தில் அறுந்தது. இரண்டாம் முறை 38.

எனவே இப்போதுதான் பழைய டிரைவர் தொகுப்பை ஏற்றினேன். ஏற்றிய பிறகும் எதுவும் மாறவில்லை, கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு அப்புறம்தான் புரிந்தது, அது கோப்புகளை வைத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான், நாமே அப்டேட் டிரைவர் போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து லெகசி என்று முடியும் 1394 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தேன். அக்கா கல்யாணக் கேசட்டுகள் மூன்றும் இன்று தலை முதல் கால்வரை ஏறிவிட்டன.

ஒலிக்கூடம்:

நல்லது! ஒன்று மறக்க வேண்டாம், விண்டோஸ் பெரிய அப்டேட் வந்தால் மறுபடி புது டிரைவருக்கே மாற்றிவிடும், எனக்கு இரண்டு முறை நடந்தது. மீதிக் கேசட்டுகள் முடியும்வரை அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

மலைக்கோட்டை:

நிறுத்திவிட்டேன். 14இல் 13 முடிந்தது. ஒன்பதாவது கேசட் மட்டும் படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது, ஒலியும் விட்டு விட்டு வருகிறது. மூன்று முறை ஓட்டினேன், உபுண்டுவிலும் அதேதான். மறுபடி டிரைவரா?

பழுதுபார்ப்பவன்:

உபுண்டுவிலும் என்றால் டிரைவர் இல்லை. கேமராவின் சின்னத் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள், அங்கும் உடைகிறதா? அந்தக் கேசட்டை எடுத்தது இதே கேமராவிலா? அப்புறம் அது எல்பி (லாங் பிளே, ஒரே கேசட்டில் அதிக நேரம் பதியும்) முறையில் எடுத்ததா என்று பாருங்கள், 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பதிவாகியிருந்தால் எல்பிதான்.

மலைக்கோட்டை:

கேமராத் திரையிலும் உடைகிறது. ஓரத்தில் எல்பி என்று காட்டுகிறது. அம்மாவிடம் கேட்டேன், அதைப் பிடித்தது சித்தப்பாவாம், அவர் கேமராவில்.

பழுதுபார்ப்பவன்:

எல்பியில் தடங்கள் குறுகல். பதிவு செய்த கேமராவின் ஹெட் எந்த இம்மி சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் படித்தால்தான் ஒழுங்காக வரும். உங்கள் கேமராவில் இனி ஓட்டி ஓட்டி டேப்பைத் தேய்க்க வேண்டாம். சித்தப்பாவின் கேமரா இருக்கிறதா?

மலைக்கோட்டை:

இருக்கிறதாம், லால்குடி வீட்டுப் பரணில். சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வருகிறேன்.